பிரின்ட் டாக்குமென்ட்டுடன் பத்து ஆண்டுகள்: பில்லிங் மென்பொருளுக்கு அச்சு சேர்த்த அனுபவம்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடைக்காக 2014-இல் பில்லிங் மென்பொருள் எழுத ஆரம்பித்தேன். சி ஷார்ப் நிரல்மொழி, திரைகளுக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸ். சரக்கு, இருப்பு, பற்று வரவு எல்லாம் மூன்று மாதத்தில் ஓடத் தொடங்கிவிட்டன. பில் அச்சடிப்பது இரண்டு நாள் வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். கடைக்காரர் அண்ணாச்சி திரையை ஒரு தடவை பார்த்தார். "தம்பி, இதெல்லாம் உங்களுக்கு. எனக்குக் கையில வர்ற சீட்டுதான் சாஃப்ட்வேர்" என்றார்.

அந்தச் சீட்டுக்காக நான் எடுத்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் நிரல் தளத்தோடு சேர்ந்தே வரும் பிரின்ட் டாக்குமென்ட் வகுப்பு (கிளாஸ்). தனியாக ரிப்போர்ட் கருவி எதையாவது வாங்கிச் சேர்த்திருக்கலாம். ஆனால் கடைக்குக் கடை போய் அதற்கான கோப்புகளையும் நிறுவ வேண்டியிருக்கும் என்பதால் வேண்டாம் என்று வைத்தேன். இன்றுவரை அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

அது வேலை செய்யும் விதம் எளிது. பிரின்ட் என்று அழைத்தால் பக்கத்துக்கு ஒரு முறை பிரின்ட் பேஜ் நிகழ்வு எழும்பும். அதில் வரைவதற்கு கிராஃபிக்ஸ் என்ற ஒரு வரைபரப்பு கிடைக்கும். வரைந்து முடித்த பிறகும் சரக்கு வரிகள் மிச்சம் இருந்தால் ஹேஸ் மோர் பேஜஸ் என்பதை ட்ரூ ஆக்கிவிட்டால் அடுத்த பக்கம் வரும். அவ்வளவுதான். அட்டவணை கிடையாது, தலைப்புப் பகுதி கிடையாது, கூட்டுத்தொகை வரி கிடையாது. ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முதல் மாதம் இது பெரிய குறையாகத் தெரிந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. சரக்கின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீடு, மத்திய வரி, மாநில வரி என்று புதுக் கட்டங்கள் வேண்டும். வாங்குபவருக்கு ஒன்று, சரக்கு கொண்டுபோகிறவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று என மூன்று படிகள், ஒவ்வொன்றின் தலையிலும் வேறு வேறு வாசகம். பில் வரையும் ஃபங்ஷனுக்கு வாசகத்தை மட்டும் மாற்றி மூன்று முறை அழைத்தேன். யாருடைய டெம்ப்ளேட்டுக்கும் காத்திருக்கவில்லை.

அளவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். திரையில் பழகிய நமக்குக் கை தானாக பிக்ஸலில் கணக்குப் போடும். இங்கே அடிப்படை அலகு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஏ4 தாள் என்றால் 827-க்கு 1169. லேசர் பிரிண்டரின் 600 டிபிஐயோ (அங்குலத்துக்கு 600 புள்ளி) தெர்மல் பிரிண்டரின் 203 டிபிஐயோ, 100 என்று போட்ட கோடு இரண்டிலும் ஓர் அங்குலம்தான். நான் பிறகு பேஜ் யூனிட்டை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டேன். கடையில் ஸ்கேலை வைத்து அளந்ததை அப்படியே எழுதிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: ஓரம் போக மிஞ்சும் பகுதியைச் சொல்லும் மார்ஜின் பவுண்ட்ஸ் அப்போதும் பழைய அலகிலேயே வரும், அதை நாம்தான் மாற்ற வேண்டும்.

இனி, என்னை அதிகம் அலையவிட்ட இரண்டு விஷயங்கள்.

முதலாவது பிரிவியூ. கடைக் கணக்கர் மூன்று பக்க பில்லை முன்னோட்டத்தில் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும். அதே ஜன்னலில் உள்ள பிரிண்டர் படத்தை அழுத்தினால் சரக்கே இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் உள்ள ஒரு தாள் வெளியே வரும். பிரிண்டர் கேபிள், டிரைவர் என்று இரண்டு நாள் தேடினேன். தவறு என் நிரலில்தான் இருந்தது. எத்தனையாவது சரக்கு வரியில் நிற்கிறோம் என்ற எண்ணை வகுப்பின் மட்டத்தில் ஒரு மாறியில் வைத்து, தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பூஜ்யமாக்கியிருந்தேன். முன்னோட்டம் என்பதும் ஒரு முழு அச்சு ஓட்டமே. அது எண்ணைக் கடைசி வரிவரை கொண்டுபோய்விடுகிறது. அடுத்து உண்மையாக அச்சடிக்கும்போது வரைய எதுவும் மிச்சம் இல்லை. எண்ணைப் பூஜ்யமாக்கும் அந்த ஒரு வரியை பிகின் பிரின்ட் நிகழ்வுக்குள் நகர்த்தியதும் தீர்ந்தது. பக்க எண், கீழே கொண்டுபோகும் தொகை என எந்த நிலையை வைத்திருந்தாலும் இதே இடத்தில் துடைத்துவிட வேண்டும்.

முன்னோட்டத்துக்கும் தாளுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. முன்னோட்டத்தில் பூஜ்யம் என்பது தாளின் மூலை. பிரிண்டரில் அது அந்த இயந்திரம் மை பதிக்கக்கூடிய பகுதியின் மூலை. கடைப் பெயர் முன்பே அச்சிட்ட லெட்டர்ஹெட்டில் அடித்தால், இந்தச் சில மில்லிமீட்டர் விலகல் கட்டத்துக்கு வெளியே எண்ணைத் தள்ளிவிடும். அந்த விலகலைச் சொல்லும் ஹார்ட் மார்ஜின் எக்ஸ், ஒய் மதிப்புகளைப் படித்து, முன்னோட்டம் அல்லாதபோது மட்டும் அந்த அளவு பின்னுக்கு நகர்த்திவிட்டு வரையத் தொடங்குகிறேன்.

இரண்டாவது தமிழ். சரக்குப் பெயர்கள் தமிழில்தான் வேண்டும் என்பதில் அண்ணாச்சி உறுதியாக இருந்தார், அது நியாயமும்கூட. பழைய டாட் மேட்ரிக்ஸ் காலத்துப் பழக்கத்தில், பெயரை 20 எழுத்துக்கு வெட்டி மிச்சத்தை அடுத்த வரியில் போடும் ஒரு ஃபங்ஷன் என்னிடம் இருந்தது. ஆங்கிலத்தில் அது ஒருநாளும் தகராறு செய்ததில்லை. "துவரம் பருப்பு 1 கிலோ" என்பதைக் கண்ணால் எண்ணினால் இடைவெளியும் சேர்த்து 14. கணினிக்கோ அது 21. துணைக்கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு. இருபதில் வெட்டினால் முதல் வரி "கில" என்று முடியும். லகரத்தைப் பிரிந்த ஓகாரக் குறி அடுத்த வரியில் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கும். பில்லில் அதைப் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை.

அந்த ஃபங்ஷனைத் தூக்கி எறிந்தேன். இப்போது எழுத்தை அளக்கும் மெஷர் ஸ்ட்ரிங்கிடம் கட்டத்தின் அகலத்தைச் சொல்லி உயரத்தைக் கேட்கிறேன். அதே அகலத்தில் ஒரு செவ்வகத்தை, எழுத்தை வரையும் ட்ரா ஸ்ட்ரிங்கிடம் கொடுத்தால் சொல் எல்லையில் அதுவே மடித்துக்கொள்ளும். வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் இன்ஃபோ வகுப்பு உதவும், அது உயிர்மெய்யை ஒரே துண்டாக எண்ணும். திரைக்குப் பயன்படும் டெக்ஸ்ட் ரெண்டரரை அச்சுக்குக் கொண்டுவராதீர்கள். அச்சுக்கு அது ஏற்றதல்ல என்று ஆவணத்திலேயே இருக்கிறது.

எழுத்துருவையும் யோசிக்க வேண்டும். நான் முதலில் லதா எழுத்துருவை நேராகப் பெயர் சொல்லி எழுதிவைத்திருந்தேன். விண்டோஸ் 10-இல் லதா கூடுதலாக நிறுவிக்கொள்ள வேண்டிய பட்டியலுக்குப் போய்விட்டது. எழுத்துரு இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, சத்தமில்லாமல் வேறொன்று உட்கார்ந்து கட்டங்களின் அகலம் மாறிவிடும். இப்போது நிர்மலா யுஐ பயன்படுத்துகிறேன். கிடைத்த எழுத்துருவின் பெயரையும் தொடக்கத்திலேயே சரிபார்க்கிறேன்.

80 மில்லிமீட்டர் தெர்மல் சுருளில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், மொத்தம் 576 டாட். நான் கையாண்ட தெர்மல் பிரிண்டர்கள் எதிலும் உள்ளிருந்த எழுத்துகளில் தமிழ் இல்லை. எனவே நேரடிக் கட்டளை அனுப்பும் வழி எனக்குப் பயன்படவில்லை. பிரின்ட் டாக்குமென்ட் வழியாகப் போனால் விண்டோஸே எழுத்தைக் கோத்துத் தந்துவிடுகிறது. 9 பாயிண்ட் எழுத்துக்கு உயரத்தில் கிடைப்பது ஏறத்தாழ 25 டாட்தான். அதற்கும் கீழே இறங்கினால் மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்துவிடுகிறது, "கல்" "கல" ஆகிவிடுகிறது. கவுன்ட்டரில் ஒரே விசையில் பில் வர வேண்டும் என்பதால், பக்க எண்ணைக் காட்டும் சிறு ஜன்னலை ஸ்டாண்டர்ட் பிரின்ட் கன்ட்ரோலரைப் பொருத்தி நீக்கினேன். பணப்பெட்டியைத் திறக்க மட்டும் ஐந்து பைட் கட்டளையைத் தனியாக ஸ்பூலருக்கு, அதாவது அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் பகுதிக்கு, அனுப்புகிறேன்.

என் கடைகளில் பிரின்ட் டாக்குமென்ட் கைகொடுக்காத ஒரே இடம் டாட் மேட்ரிக்ஸ். கார்பன் படி வேண்டுமென்றால் ஊசி அடிக்கும் இயந்திரம்தான் வேண்டும். ஆனால் இந்த வழியில் எல்லாமே படமாகப் போகிறது. பிரிண்டருக்குள் இருக்கும் வேக எழுத்துகளைத் தொட முடியாது, ஊசி ஒவ்வொரு வரியிலும் பலமுறை ஓடும். வண்டியில் சரக்கு ஏற்றிவிட்டு ஓட்டுநர் காத்திருக்கும்போது அந்தத் தாமதம் ஒத்துவராது. டாட் மேட்ரிக்ஸ் வைத்திருக்கும் கடைகளுக்கு ஆங்கிலத்தில் நேரடி உரையாக அனுப்பும் பழைய வழியை அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் தாமதமாகக் கற்றது இன்னொன்று. எண்ட் பிரின்ட் வந்துவிட்டால் தாள் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமல்ல, ஸ்பூலரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது என்பதே பொருள். தாள் தீர்ந்திருந்தாலும் அந்த நிகழ்வு வரும். அதை நம்பி "பில் கொடுத்தாயிற்று" என்று தரவுத்தளத்தில் குறித்துவைத்தது பிழை. இப்போது மறு அச்சுக்கு எப்போதும் வழி உண்டு, இரண்டாம் முறை அடித்தால் "நகல்" என்று தலையில் வரும். இயல்புநிலை பிரிண்டரையும் நம்புவதில்லை. விண்டோஸ் 10-இல் கடைசியாகப் பயன்படுத்தியதை இயல்புநிலையாக்கும் அமைப்பு உண்டு, அதனால் சில்லறை பில் ஏ4 தாளில் போய் விழும். பில், ரசீது, லேபிள் ஒவ்வொன்றுக்கும் பிரிண்டர் பெயரைத் தனித்தனியாகச் சேமிக்கிறேன். அது இருக்கிறதா என்று இஸ் வேலிட் மூலம் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

சென்ற ஆண்டு முழு நிரலையும் டாட் நெட் 4.8-இலிருந்து டாட் நெட் 8-க்கு மாற்றினேன். திரைகளில் இயல்பு எழுத்துரு மாறியதால் பல இடங்களில் பொத்தான்கள் நகர்ந்தன, சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. அச்சுப் பகுதியில் ஒரு வரிகூடத் தொடவில்லை. விண்டோஸ் மட்டும் போதும், பில்லும் லேபிளும்தான் வேலை என்கிறவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றால் இது உதவாது, பல இயங்குதளங்களிலும் ஓடும் க்யூட்டி (Qt) பக்கம் போங்கள்.

அண்ணாச்சி இப்போது கேட்டிருப்பது வாட்ஸ்அப்பில் அனுப்ப பிடிஎஃப் பில். பிரின்ட் டு ஃபைல், கோப்புப் பெயர் இரண்டையும் கொடுத்து விண்டோஸின் பிடிஎஃப் பிரிண்டருக்கு அதே பில்லை அனுப்பிப் பார்த்தேன். துவரம் பருப்பு 1 கிலோ, ஓகாரம் பிரியாமல் வந்தது.