மாடி போர்ஷன் பார்க்கிறவர்கள் கேட் சாவி யார் கையில் என்று கேளுங்கள்

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், அதிலும் மாடி போர்ஷன் பார்க்கிறவர்கள், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். ராத்திரி படிக்கட்டு கேட்டை யார் பூட்டுகிறார்கள்? சாவி யாரிடம் இருக்கும்? "அதெல்லாம் ஓனரே பூட்டிடுவாருங்க, ரொம்ப சேஃப்டி" என்று தரகர் பெருமையாகச் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

நாங்கள் இருந்தது அழகாபுரம் பக்கம். கீழே ஓனர் குடும்பம், அவர்களுக்குத் தனி வாசல். மாடிக்குப் பக்கவாட்டில் படி, படியடியில் இழுத்து மூடுகிற இரும்பு கேட். முதல் மாடியில் நாங்கள். எங்களுக்கு மேலே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண்கள் இரண்டு பேர். இரவு பத்து மணிக்கு ஓனர் வந்து வெளிப்பக்கம் பூட்டுப் போடுவார். காலையில் வாக்கிங் கிளம்பும்போது திறப்பார். இடையில் யாருக்காவது போகவேண்டும் என்றால் அவருக்குப் போன் போட்டு எழுப்ப வேண்டும்.

குடிவந்த புதிதிலேயே ஒரு சாவி கேட்டேன். "உங்களுக்குக் கொடுத்தா மேல இருக்கறவங்களுக்கும் கொடுக்கணும் சார். அப்புறம் யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு நான் எப்படிப் பார்க்கறது?" என்றார். திருட்டு பயம் என்று அவர் சொன்ன காரணத்தின் உள்ளே இருந்தது இதுதான். வயதுப் பெண்கள் டியூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கணக்கு வைப்பதற்கு ஒரு பூட்டு. வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். கட்டை விரல் மட்டும் வந்தது, சாவி வரவில்லை.

ஒரு முகூர்த்த நாளில் விடியும் முன்னே அவர் குடும்பத்தோடு தர்மபுரிக்குக் காரில் கிளம்பிவிட்டார். கேட்டைத் திறக்கவில்லை. அன்றைக்கென்று அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவருக்கு ஆஸ்துமா உண்டு, வழக்கமாக இன்ஹேலரில் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. கைத்தாங்கலாக அவரைப் படியில் இறக்கிக்கொண்டு வந்த பிறகுதான் பூட்டைப் பார்த்தோம். ஓனர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, பிறகு சுவிட்ச் ஆஃப்.

வேறு வழியே கிடையாது. பால்கனியில் தரையிலிருந்து தளம் வரை கிரில். ஜன்னல் எல்லாம் கிரில். மொட்டை மாடிக் கதவின் சாவியும் அவரிடம்தான், நாங்கள் வடகம் காயப்போட்டு இடத்தை அசிங்கம் பண்ணிவிடுவோமாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோ நிற்கிறது, டிரைவர் அண்ணன் கம்பி வழியே எட்டிப் பார்க்கிறார், இந்தப் பக்கம் அப்பாவுக்கு உதடு நீலம் பாரிக்கிறது. மேல் வீட்டுப் பெண்களில் ஒருவர் ஓடி வந்து, அவரைப் படுக்க விடாமல் முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, இன்ஹேலரை விட்டு விட்டு அடிக்கச் செய்தார். அந்தப் பிள்ளை மட்டும் அன்று நைட் டியூட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

112க்கு அடித்தேன். தீயணைப்புத் துறைக்கு 101 என்று தனி எண்ணும் இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டால் தயங்காமல் அடியுங்கள், தீப்பிடித்தால் மட்டும்தான் வருவார்கள் என்று இல்லை. வந்தவர்கள் கட்டர் வைத்துப் பூட்டின் வளையத்தை நறுக்கினார்கள். கேட்டில் ஒரு கீறல் விழவில்லை. அப்பாவை ஜி.எச். கொண்டுபோய் நெபுலைசர் வைத்ததும் தெளிந்துவிட்டார்.

மத்தியானம் ஓனர் வந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. "யாரைக் கேட்டுங்க பூட்டை உடைச்சீங்க? கொஞ்சம் பொறுத்திருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நகர்ந்து அவர் வந்து சேரும்வரை மூச்சு பொறுத்திருக்குமா?

வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் கை வைத்தார். கேட் ரிப்பேர், புதுப் பூட்டு, பெயின்ட் என்று ஒரு துண்டுச் சீட்டு. யாரோ அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: "பூட்டெல்லாம் வாடகைக்காரர் பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்குங்க." இதில் பாதி உண்மை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் (அது 2017ஆம் ஆண்டுச் சட்டம்), யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று இரண்டாவது அட்டவணை இருக்கிறது. கதவு, அலமாரிகளின் பூட்டு, கைப்பிடி மாற்றுவது வாடகைக்காரர் தலையில்தான். ஆனால் அது நாம் குடியிருக்கிற வீட்டுக்குள் இருக்கும் கதவைப் பற்றியது. எல்லோருக்கும் பொதுவான கேட்டில், அவரே வாங்கி, அவரே பூட்டி, சாவியை அவரே சட்டைப்பையில் வைத்திருந்த பூட்டு எப்படி என் பொறுப்பாகும்? அப்படியே என்றாலும் சாவி என்னிடம் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அதே அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் வேலை என்று இருக்கிறது. அந்த வரியை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

ஸ்டேஷனுக்கும் போனேன். "உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க" என்றார்கள். வற்புறுத்திய பிறகு ரசீது கொடுத்தார்கள். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 127ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் வேண்டுமென்றே அடைத்தார் என்று காட்டுவது சிரமம், மறந்துவிட்டேன் என்பார் என்கிறார் தெரிந்த வக்கீல். அவர் கண்ணில் அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான் பெரிய சாட்சி. நான் சாவி கேட்டதும் ஓனர் அதைப் பார்த்ததும் தேதியோடு இருக்கிறது. அதனால் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 பதிப்பு, வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடியவேண்டும் என்கிறது. ஓனரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: தெரு வரைக்கும் உள்ள ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி வாடகைதாரரிடம் இருக்கும். மொட்டை மாடிக்கும் சேர்த்துத்தான். திருட்டு பயம் நிஜமாகவே இருந்தால் உள்பக்கம் தாழ் போடலாமே.

வீடு பார்க்கப் போகும்போது பகலில் மட்டும் போகாதீர்கள், ராத்திரி பத்தரைக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போய் கேட்டைப் பாருங்கள். பழைய குடித்தனக்காரர் யாராவது அகப்பட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரியுங்கள்.

பிடித்த பணத்துக்காக வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறேன். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியை மாவட்டத்தில் இதற்கென்று நியமித்திருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அங்கே பேச்சுக்கு வலு. இன்னும் முடிவு வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன். அழகாபுரத்தில் மாடி போர்ஷன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தனியாக மெசேஜ் பண்ணுங்கள், எந்தத் தெரு என்று சொல்கிறேன்.