ஏ.இ.சி. மட்டும் வாங்கினால் பாதி வேலைதான்

லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சுரக்கும் கொரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் பாக்டீரியாவின் மியூட்டன்ட்களை (மரபணு மாறிய வகைகளை) பிரித்தெடுக்கப் பயன்படும் எஸ்-(2-அமினோஎத்தில்)-எல்-சிஸ்டீன், அதாவது ஏ.இ.சி., பழைய சரக்கு. இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கூடவே எல்-திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் வாங்காவிட்டால் காசு வீண்.

இந்தப் பாக்டீரியாவில் லைசின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதியான அஸ்பார்டோகைனேஸ், லைசினும் திரியோனினும் சேர்ந்து வந்தால்தான் முடங்கும். ஒன்று மட்டும் வந்தால் பெரிதாக அசையாது. ஏ.இ.சி. லைசின் வேடம் போட்டு இந்த நொதியை முடக்கும் பொருள்; முடங்காத நொதி உள்ள மியூட்டன்ட்தான் தனக்கு வேண்டிய லைசினைச் செய்துகொண்டு தப்பி வளரும். திரியோனின் துணையில்லாமல் போட்டால் வளர்ச்சி லேசாகக் குறையும், தட்டு முழுக்கக் காலனி முளைக்கும். "மருந்தே சரியில்லை" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஈ. கோலையில் மூன்று அஸ்பார்டோகைனேஸ்கள், தனித்தனிக் கட்டுப்பாடு; கீழே சொல்லும் அளவுகள் அங்கே செல்லாது.

புட்டியில் இருப்பது ஹைட்ரோகுளோரைடு உப்பா என்று பாருங்கள். அதன் மூலக்கூறு எடை 200.7, தனி வடிவத்தின் எடை 164.2. ஆக தனி வடிவம் 1 கிராமுக்கு ஈடாக 1.22 கிராம் உப்பு நிறுக்க வேண்டும். தண்ணீரில் எளிதாகக் கரையும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அகார் 50 டிகிரிக்கு ஆறியபின் கலக்கவும்.

திரியோனினை மி.லி.க்கு 1 மி.கி. என நிலையாக வைத்து, ஏ.இ.சி.யை 0.5, 1, 2, 4 மி.கி. என ஏற்றிப் பார்க்கலாம். ஊடகம் கண்டிப்பாகக் குறைந்தபட்ச ஊடகமாக (அமினோ அமிலக் கலவை எதுவும் இல்லாததாக) இருக்க வேண்டும், பயோட்டினை மறக்கக் கூடாது. ஈஸ்ட் சாறு துளி சேர்ந்தாலும் அதிலுள்ள லைசின் ஏ.இ.சி.யை முறியடித்துவிடும். சத்தான ஊடகத்தில் வளர்த்த செல்களை உப்புநீரில் இரண்டு முறை கழுவாமல் பரப்புவதும் அதே தவறுதான். 30 டிகிரியில் சில நாட்கள் பொறுக்கவும்.

பெரிய குறை, தப்பிப் பிழைப்பதெல்லாம் நமக்கு வேண்டியதல்ல என்பது. ஏ.இ.சி.யை உள்ளே விடாத மியூட்டன்ட்களும் தாராளமாக வளரும். அவை லைசின் தராது. நொதியின் விளைபொருளை நிறமாக்கி அளக்கும் ஹைட்ராக்சமேட் முறையில், 540 நானோமீட்டர் ஒளியில், லைசினும் திரியோனினும் 10 மில்லிமோலார் வீதம் சேர்த்தும் சேர்க்காமலும் நொதியை அளந்தால் குட்டு உடையும். செல் சாற்றிலுள்ள அமினோ அமிலங்களை முதலில் நீக்காவிட்டால் இந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

மரபணுத் திருத்த வசதி இருந்தால் ஏ.இ.சி. வாங்கவே வேண்டாம். அஸ்பார்டோகைனேஸுக்கான லைஸ்-சி மரபணுவைத் திருத்தி, அந்த நொதியின் 311ஆம் இடத்துத் திரியோனினை ஐசோலூசினாக மாற்றினாலே லைசினும் திரியோனினும் போடும் அந்தப் பூட்டு தளர்ந்துவிடும்.