சேலத்துக்குச் சின்ன பிளேன்: 2018-லிருந்து என் அனுபவம்

எதிர்வீட்டு அண்ணனின் மகளுக்குச் சேலத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "தம்பி, நீதான் பிளேன்ல போய்ட்டு வர்ற ஆளு. நம்பிப் போலாமா?" என்று நேற்று கேட்டார். போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு மாமனார் வீடு தாரமங்கலம். சேலம் விமான நிலையம் என்பது பெயருக்குத்தான். அது இருப்பது ஓமலூர் பக்கம், காமலாபுரத்தில். சேலம் டவுன்காரர்களுக்குத் தூரம், எனக்கு வசதி. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னை–சேலம் விமானம் வந்தபோது, திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்கே, பறக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். ஆனாலும் முதல் தடவையே எனக்குப் பிடித்துவிட்டது.

காரணம் ஜன்னல். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த சின்ன விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. ஜெட்டில் நடுவில் உட்கார்ந்தால் இறக்கையைத்தான் பார்க்க வேண்டும். இதில் எங்கே உட்கார்ந்தாலும் கீழே தரை. உயரமும் குறைவு. மழை முடிந்த மாதத்தில் போனால் ஏரி ஏரியாக மின்னும், கடைசியில் சேர்வராயன் மலை பக்கத்தில் வந்து நிற்கும். பேருந்தில் இத்தனை வருஷம் போன ஊரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். பின்வரிசை வாங்குங்கள். விசிறிச் சத்தம் குறைவு, கதவும் பின்னால்தான் என்பதால் முதலில் இறங்கலாம். சித்திரை வெயிலில் தரையில் நிற்கும்போது மட்டும் உள்ளே அவிந்துபோகும். அதை விடுங்கள்.

என் எரிச்சல் வேறு. இதை நம்பி ஒரு நாள் குறிக்க முடியாது.

ஒரு ஆடிப்பெருக்கு. மாமனார் வீட்டில் எல்லாரும் மேட்டூர் போவதாக ஏற்பாடு. நான் தேரடியில் மெட்ரோ ஏறினேன். தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் போனதும் போனில் சிக்னல் போனது. சைதாப்பேட்டை தாண்டி மேலே வந்ததும் குறுஞ்செய்தி: இன்றைய விமானம் ரத்து. கவுன்ட்டரில் கேட்டால் "ஆபரேஷனல் ரீசன் சார்". பணம் திரும்ப வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காவிரிக்குப் பணமா போகும்? தாம்பரம் போய்ப் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் குளித்து, சாப்பிட்டு, தூங்கிவிட்டார்கள். மாமனார் திண்ணையில் இருந்தபடி, "மாப்ள, ஏரோப்ளேன்ல வந்தீங்களா?" என்றார். இன்னும் காதில் கேட்கிறது.

கம்பெனியை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பெரிய தடத்தில் ஒரு விமானம் பழுதானால் இன்னொன்றை அனுப்புவார்கள். இந்த மாதிரிச் சின்னத் தடத்தில், எழுபது சீட்டுக்காக மாற்று விமானத்துக்கு எங்கே போவார்கள்? இந்த நிலையம் 1993-லிருந்து இருக்கிறது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-இல் போனது. அப்புறம் உடான் வரும்வரை ஓடுபாதை சும்மா கிடந்தது. உடானிலும் பாதி இருக்கைக்கு விலை உச்சவரம்பு, அந்த நட்டத்துக்கு மானியம். மானியமோ மூன்று வருஷத்துக்குத்தான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. வண்டி மாறாமல் விமான நிலையத்துக்கே போகலாம். இனி நமக்கு என்ன கவலை என்று நினைத்தேன். அதே வருஷம் சேலம் விமானம் நின்றுவிட்டது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. மறுபடி வந்தது 2023 அக்டோபரில். என் ஆடிப்பெருக்குக் கதை அதற்குப் பிறகுதான்.

சேலம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2023-இல் வந்த சிஏஜி (மத்திய அரசின் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பாருங்கள். முதல் மூன்று கட்ட உடானில் ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. இதைப் படித்தபோது என் ஆடிப்பெருக்குக் கோபம் கொஞ்சம் ஆறியது. கொஞ்சம்தான்.

அண்ணனுக்குச் சொன்ன பதில் இது: பாப்பாவுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போடுங்கள். ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் விடிவதற்குள் சேலம். பெட்டி, மெத்தை, ஊறுகாய் பாட்டில் எதையும் யாரும் எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். கல்லூரி சேருகிற நாளில் "ஆபரேஷனல் ரீசன்" எல்லாம் கேட்க முடியாது.

"சரி, பொங்கலுக்கு நீ எப்படிப் போற?" என்றார்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பிளேன்தான், பின்வரிசை ஜன்னல்.