நேரடிக் கம்பியா, டி.ஐ. பெட்டியா, ஆம்ப் முன் மைக்கா? எல்லையோர மேடைகளுக்கான ஓர் ஒப்பீடு

களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கோயில்களில் நடக்கும் கானமேளாவுக்கும், இப்பால் மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பகுதிகளின் அம்மன் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் வருகிற இசைக்குழுக்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ் கிதார், ஒரு லீட் கிதார், ரிதம் பேடு, சில குழுக்களில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) பொருத்திய வயலின் அல்லது மாண்டலின். இவற்றின் ஒலியை மேடையிலிருந்து கூட்டத்தின் நடுவே இருக்கும் மிக்சருக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில் நான்கு வழிகள் உள்ளன: ஜாக் கம்பியை நேராக மிக்சரில் செருகுவது, பேசிவ் (தனி மின்சாரம் வேண்டாத) டி.ஐ. பெட்டி, அதாவது கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் ‘டைரக்ட் இன்ஜெக்ஷன்’ பெட்டி வழியாக அனுப்புவது, ஆக்டிவ் (மின்சாரம் வேண்டும்) டி.ஐ. பெட்டி வழியாக அனுப்புவது, ஆம்ப்பின், அதாவது கிதார் ஒலிபெருக்கியின், ஸ்பீக்கர் முன் மைக் வைப்பது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. விலையும் பெயரும் அதற்குப் பிறகே வரவேண்டும்.

நேரடிக் கம்பியின் குறை கிதாரில்தான் மிகத் தெளிவாகக் கேட்கும். காந்தப் பிக்கப் என்பது மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள்; அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, அதிகம். அது தன் முழு ஒலியையும் தரவேண்டுமானால், அடுத்து வரும் உள்ளீட்டின் இம்பீடன்ஸ் ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் ஓம் வரை இருப்பது நல்லது. மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் அளவிலும், மைக் உள்ளீடு இரண்டாயிரம் ஓம் அளவிலும் இருப்பதால், அங்கே செருகப்பட்ட கிதாரின் ஒலி மங்கி, உயிரற்றுப் போகிறது. இதனோடு கம்பியின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. கிதார் கம்பியின் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்றும், பிக்கப்பின் மின்தூண்டல் 3 ஹென்றி என்றும் வைத்துக் கணக்கிட்டால், 6 மீட்டர் கம்பியில் சுமார் 3,700 ஹெர்ட்ஸில் அமையும் ஒத்ததிர்வு (ஒலி எழுந்து, அதற்கு மேல் தேயத் தொடங்கும் இடம்), 30 மீட்டர் கம்பியில் சுமார் 1,700 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. கிதாருக்குப் பளிச்சென்ற தன்மையைக் கொடுக்கும் பகுதி அவ்விரண்டு எண்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. மிக்சரில் டிரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் இழந்த அந்த ஒலி திரும்புவதில்லை, இரைச்சல்தான் கூடுகிறது.

கீபோர்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் வெளியீடு குறைந்த இம்பீடன்ஸ் கொண்டது. நீளமான கம்பியிலும் ஒலியின் நிறம் பெரிதும் மாறாது. அதற்கு வரும் தொல்லை வேறு: ஹம் என்னும் தொடர் முழக்கம்.

திருவிழா மேடையில் கீபோர்டுக்கு மேடைக்கருகே உள்ள மின்பலகையிலிருந்தும், மிக்சருக்குத் தொலைவில் உள்ள ஜெனரேட்டர் இணைப்பிலிருந்தும் மின்சாரம் வருவது வழக்கம். இரு இடத்து எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால் போதும், கம்பியின் கவசம் வழியாக மின்னோட்டம் ஓடி, 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முழக்கம் கேட்கத் தொடங்கும். பேசிவ் டி.ஐ. பெட்டி தன் தகுதியை நிலைநாட்டும் இடம் இதுவே. அதனுள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கருவியின் சுற்றுக்கும் மிக்சரின் சுற்றுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமல், காந்தப்புலத்தின் வழியாக மட்டுமே ஒலி கடக்கிறது. பெட்டியிலுள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டினால், வெளியேறும் எக்ஸ்.எல்.ஆர். (மைக்குகளுக்குரிய மூன்று பின்) கம்பியின் முதல் பின் வழியே வரும் எர்த் இணைப்பும் துண்டிக்கப்பட்டு, முழக்கம் அடங்கிவிடும். அதற்கு மேல், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கடத்திகளில் ஒலி பயணம் செய்வதால், வழியில் இரண்டிலும் சமமாகப் புகும் இரைச்சல் மிக்சரில் கழிக்கப்பட்டுவிடும்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஹம் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை முறித்தோ கழற்றியோ விடும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், நனைந்த மண்மேல் பலகை போட்டு அமைத்த மேடையில், கையில் கிதாரோடு உதட்டருகே உலோக மைக்கை வைத்துப் பாடும் ஒருவருக்கு அந்த எர்த் பின் உயிர்க்காப்பு. பிளக்கின் எர்த்தைத் துண்டிப்பதும், டி.ஐ. பெட்டியில் ஒலிக்கம்பியின் எர்த்தைத் துண்டிப்பதும் ஒரே விளைவைத் தருவதுபோலக் காதுக்குத் தோன்றலாம். முதலாவது ஆளைக் கொல்லக்கூடியது, இரண்டாவது பாதுகாப்பானது. பேசிவ் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை.

அதன் குறைகளையும் சொல்லவேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 12-க்கு 1 என்றால், ஒலியளவு ஏறத்தாழ 21.6 டெசிபல் குறையும். மிக்சரின் கெயினை (உள்ளீட்டுப் பெருக்கத்தை) அதற்கேற்ப ஏற்றவேண்டும். இம்பீடன்ஸ் அந்த விகிதத்தின் வர்க்கத்தில், அதாவது 144 மடங்கு மாறுகிறது. ஆயினும் கருவிக்குக் கிடைக்கும் உள்ளீடு வரம்புக்குட்பட்டதே. பலராலும் தரமானதாக மதிக்கப்படும் ரேடியல் ஜே.டி.ஐ. பெட்டியில்கூட அது 1,40,000 ஓம்தான். கீபோர்டுக்கும், உள்ளே பேட்டரியோடு கூடிய ஆக்டிவ் பேஸ் கிதாருக்கும் இது தாராளம். பேட்டரி இல்லாத கிதாருக்குச் சற்று மங்கலாகப்படும். சிலர் அந்த மென்மையை விரும்பவும் செய்கிறார்கள். மலிவான பேசிவ் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கரு மிகச் சிறியது. பேஸ் கிதாரின் கீழ் ‘இ’ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது அந்தக் கரு மேலும் காந்தம் ஏற்கமுடியாமல் விரைவில் செறிவடைந்து ஒலி சிதையும். எனவே பேசிவ் பெட்டியில் செலவைக் குறைப்பது பேஸ் கலைஞருக்குப் பொருந்தாது.

ஆக்டிவ் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறாக, அல்லது அதற்கு முன்னால், ஒரு சிறிய மின்னணுச் சுற்று இருக்கும். அதற்கு மிக்சரிலிருந்து ஒலிக்கம்பி வழியாகவே வரும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரமோ, 9 வோல்ட் பேட்டரியோ வேண்டும். இதன் முதன்மையான பயன் உயர்ந்த உள்ளீட்டு இம்பீடன்ஸ். அது எவ்வளவு தேவை என்பதைப் பீசோ பிக்கப் (அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகம்) பொருத்திய வயலினை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பீசோ பிக்கப், மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். அதன் மின்தேக்குத்திறன் 1,000 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 1,40,000 ஓம் உள்ளீட்டில் சுமார் 1,140 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி படிப்படியாகத் தேயத் தொடங்கும். வயலின் ஒலியின் கனம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. எஞ்சுவது கீச்சென்ற மேலொலி மட்டும். அதே பிக்கப்பைப் பத்து லட்சம் ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கும், ஒரு கோடி ஓமில் 16 ஹெர்ட்ஸுக்கும் இறங்கிவிடும். மேடையில் ‘வயலின் தகரம்போல ஒலிக்கிறது’ என்று கலைஞர்மேலும் வாத்தியத்தின்மேலும் பழி சொல்லப்படும் பல நேரங்களில், குற்றம் தவறான பெட்டியினுடையது.

ஆனால் ‘ஆக்டிவ்’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. கண்ட்ரிமேன் டைப் 85 ஒரு கோடி ஓம் உள்ளீடு கொண்டது. ரேடியல் ஜே48 என்னும் நல்ல ஆக்டிவ் பெட்டியின் உள்ளீடோ 2,20,000 ஓம். இரண்டும் தரமானவை. காந்தப் பிக்கப் கொண்ட பேஸ் கிதாருக்கு இரண்டாவது மிக நன்றாகவே பொருந்தும். முன்பெருக்கி இல்லாத பீசோ வயலினுக்கு முதலாவதுதான் சரி. ஆந்திரத்துப் பாலகொல்லில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைக் கர்நாடக இசை மேடைக்கு உரியதாக்கிய பிறகு, நம் பகுதியிலும் அந்த வாத்தியத்தைப் பலர் ஆர்வத்தோடு கையில் எடுத்தார்கள். காந்தப் பிக்கப் கொண்ட மாண்டலினில் கமகத்தின் நுண்மையான இழைவு கேட்கவேண்டுமானால், அதற்கும் உயர்ந்த உள்ளீடு கொண்ட ஆக்டிவ் பெட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

ஆக்டிவ் பெட்டியின் பலவீனம் அதன் மின்சாரத் தேவை. மிக்சரில் பேண்டம் இல்லையென்றால், அல்லது பல ஒலிக்கம்பிகளை ஒன்றாகக் கட்டிய பழைய ஸ்னேக் கேபிளில் ஒரு பின் விட்டுப்போயிருந்தால், பெட்டி மௌனமாகிவிடும் அல்லது பேட்டரியை மட்டும் நம்பி இயங்கும். விடிய விடிய நடக்கும் கச்சேரியில் பேட்டரி எப்போது தளரும் என்று காத்திருக்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆக்டிவ் பெட்டிகள், பேசிவ் பெட்டியைப்போல எர்த்தை முழுமையாகப் பிரிப்பதும் இல்லை. ஆகவே ஜெனரேட்டர் மின்சாரத்தில் கீபோர்டுக்கு ஆக்டிவ் பெட்டி வைப்பது, தேவையில்லாத நன்மைக்காகத் தேவையான பாதுகாப்பைக் கைவிடுவதாகும்.

லீட் கிதாரின் நிலை தனி. டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும் கிதாரில் ஸ்பீக்கரும் வாத்தியத்தின் ஒரு பகுதி. 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்துவிடுவதால்தான் அந்தச் சிதைந்த ஒலி காதுக்கு இதமாக வருகிறது. அதைத் தவிர்த்து நேராக டி.ஐ. வழியே அனுப்பினால் தேனீக் கூட்டம் இரைவதுபோல எரிச்சலூட்டும். ஷூர் எஸ்.எம்.57 போன்ற ஒரு மைக்கை ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைப்பதே இதற்குப் பழகிய வழி. ஆயினும் சிங்காரி மேளமும் செண்டையும் பக்கத்தில் முழங்கும் மேடையில், அந்த மைக்கிலும் மேளமே நிறைந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் ஸ்பீக்கரின் தன்மையைப் போலச் செய்யும் மின்னணுப் பெடலைப் பயன்படுத்தி, அதன் வெளியீட்டைப் பேசிவ் பெட்டி வழியே அனுப்புவது மேல். ஆம்ப்பின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து எடுக்க நினைப்பவர்கள், அதற்கென்றே வடிவமைத்த பெட்டியை மட்டும் பயன்படுத்தவேண்டும். வால்வ் ஆம்ப்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இதைச் செய்தால் ஆம்ப்பே எரிந்துபோகலாம்.

ஒலிப்பதிவில் கணக்கு மாறுகிறது. வீட்டு அறையில் தேவாலயப் பாடலுக்கோ பக்திப் பாடலுக்கோ ஒரு கிதாரைப் பதிவுசெய்பவர் டி.ஐ. பெட்டிக்கெனத் தனியாகச் செலவிடவேண்டியதில்லை. கருவியைக் கணினியோடு இணைக்கும் பெரும்பாலான ஆடியோ இண்டர்ஃபேஸ்களில் கருவிகளுக்கான ‘ஹை-இசட்’ உள்ளீடு உண்டு, அது பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். பெட்டி பயன்படுவது ஒரே வாசிப்பை இரண்டாகப் பிரித்து எடுக்கும்போது. பெட்டியின் ‘லிங்க்’ ஜாக்கிலிருந்து ஆம்ப்புக்கும், எக்ஸ்.எல்.ஆரிலிருந்து பதிவுக்கும் அனுப்பினால், மைக் ஒலியும் தூய ஒலியும் தனித்தனித் தடங்களில் கிடைக்கும். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிக்கூடத்தில் 1960-களில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் நேரடியாகக் கன்சோலுக்கே சென்றது. பேஸ் கிதாரின் ஒலிக்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக நிற்கும் பதிவுகள் அப்படிப் பிறந்தவை. பேஸுக்குத் தூய தடத்தை முதன்மையாகவும், லீட் கிதாருக்கு மைக் தடத்தை முதன்மையாகவும் கொள்வதே என் தேர்வு. இரண்டையும் கலக்கும்போது கால வேறுபாட்டைச் சரிசெய்யவேண்டும்: மைக் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி ஏறத்தாழ 0.9 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இரு தடங்களும் சம அளவில் கலந்தால் 575 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி குழிந்துபோகும். மைக் தடத்தை அந்த அளவு முன்னால் நகர்த்தினால் பேஸின் கனம் உடனே திரும்பிவரும். தூய தடம் கையிலிருந்தால், பிறகு ரீஆம்ப் பெட்டி (பதிவான ஒலியை ஆம்ப்புக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியாக அதை வேறொரு ஆம்ப்புக்கு அனுப்பி, வாசித்தவரை மறுபடி அழைக்காமலே புதிய ஒலியைப் பெறவும் முடியும்.

ஒரு குழுவின் கையில் பணம் குறைவாக இருந்தால், கீபோர்டுகளுக்கு இரண்டு சானல் கொண்ட பேசிவ் பெட்டியை முதலில் வாங்கலாம். அடுத்து, பேட்டரி இல்லாத பேஸுக்கு ஓர் ஆக்டிவ் பெட்டி. வயலினும் மாண்டலினும் வாசிப்பவர்கள் சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் பெட்டியை எதிர்பார்க்காமல், பத்து லட்சம் ஓமுக்குக் குறையாத தமக்கான ஓர் ஆக்டிவ் பெட்டியை வாத்தியப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. அதைச் செருகும்போதும் கழற்றும்போதும் அந்தச் சானலை மியூட் செய்யும்படி மிக்சரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், ஏனெனில் பேண்டம் மின்சாரத்தின் திடீர் அதிர்ச்சி ஸ்பீக்கரின் மேலொலி டிரைவர்களைப் பழுதாக்கக்கூடும்.