டயாக்ஸிக் குரோத் கிட்: தாராளமா வாங்கலாம், மேனுவலை மட்டும் நம்பாதீங்க

பாக்டீரியா முதல்ல குளுக்கோஸை தின்னு தீர்த்து, கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் லாக்டோஸை தின்னு ரெண்டு படியா வளர்றதுதான் டயாக்ஸிக் குரோத். எங்க காலேஜ் மைக்ரோபயாலஜி லேபுக்கு போன மாசம் ஆன்லைன்ல இதைக் காட்டுற கிட் வாங்குனோம், 2,800 ரூபா. ஈ.கோலை பாக்டீரியா கே-12 ஸ்லான்ட் (நோய் உண்டாக்காத வகை, பயப்பட வேணாம்), எம்9 பவுடர் (பாக்டீரியா வளர்க்குற உப்புக் கலவை), குளுக்கோஸ், லாக்டோஸ், ஓஎன்பிஜி (லாக்டோஸை உடைக்குற என்சைம் இருந்தா மஞ்சளா மாறுற பொருள்), சோடியம் கார்பனேட் எல்லாம் உள்ள இருக்கு. பேக்கிங் நல்லா இருந்துச்சு.

முதல் தடவை சொதப்பிடுச்சு. மேனுவல்ல "இரவு முழுவதும் வளர்த்த கல்ச்சரைச் சேர்க்கவும்"னு ஒரே வரிதான் இருந்துச்சு, எதுல வளர்க்கணும்னு சொல்லவே இல்ல, நாங்களும் வழக்கம்போல எல்பி பிராத்துல (சத்து நிறைஞ்ச வளர்ப்பு திரவம்) வளர்த்து அப்படியே எம்9க்கு மாத்திட்டோம். ரொம்ப நேரம் கலரிமீட்டர் ரீடிங் (கல்ச்சர் எவ்வளவு கலங்கலா இருக்குன்னு காட்டுறது) அசையவே இல்ல. "மேம், கல்ச்சர் செத்துப்போச்சு"ன்னு பசங்க முகமே வாடிப்போச்சு. ஆனா அது சாகல. எல்பில அமினோ ஆசிட் எல்லாம் ரெடியா கிடைக்கும், எம்9ல ஒண்ணுகூட கிடையாது, எல்லாத்தையும் அதுவே செஞ்சுக்கணும். அமினோ ஆசிட் பத்தலைன்னா ரெல்-ஏங்கிற என்சைம் பிபிஜிபிபிங்கிற சின்ன மூலக்கூறை மளமளன்னு செய்யும், அது புது ரைபோசோம் கட்டுறதை குறைச்சுட்டு அமினோ ஆசிட் செய்யுற ஜீன்களை முடுக்கிவிடும். இதை மேனுவல்ல நாலு வரி போட்டிருந்தா எங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ரெண்டாவது தடவை குளுக்கோஸ் போட்ட எம்9லயே ராத்திரி வளர்த்தோம். மேனுவல் அரை மணிக்கு ஒரு ரீடிங் போதும்னு சொல்லுது, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, நடுவுல நிக்கிற நேரமே மொத்தம் அரை மணி கிட்டதான், கோட்டை விட்டுடுவீங்க. நாங்க பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்தோம். கலரிமீட்டர்ல 0.4 கிட்ட வந்ததும் அப்படியே நின்னுச்சு, அடுத்த ரீடிங்கும் அதேதான், அதுக்கடுத்ததும் அதேதான், அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சதும் கிராஃப் போட்டுட்டிருந்த பொண்ணு கத்தியே விட்டுச்சு. பாரிஸ்ல ஜாக் மோனோங்கிற விஞ்ஞானி 1941ல தன்னோட தீசிஸ்ல எழுதுன அதே ரெண்டு படி எங்க கிராஃப் ஷீட்டுல வந்தப்ப எனக்கு புல்லரிச்சுருச்சு. இதுல ஆரம்பிச்ச வேலைதான் லாக் ஓபெரான் (லாக்டோஸ் ஜீன்கள் ஒண்ணா இயங்குற தொகுதி) வரைக்கும் போய் 1965ல அவருக்கு நோபல் வாங்கிக் கொடுத்துச்சு.

ஆனா கிட்டுக்கு குடுத்த காசு ஓஎன்பிஜிக்கே சரியாப்போச்சுன்னு சொல்வேன். குளுக்கோஸ் இருக்கும்போது எடுத்த டியூப் பச்சத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. வளர்ச்சி நின்ன நேரத்தோட கடைசியில எடுத்தது லேசா எலுமிச்சை கலர். மறுபடி ஏறுனப்புறம் எடுத்தது நல்ல மஞ்சள். குளுக்கோஸ் இருக்குறவரைக்கும் லாக்டோஸை உள்ளயே விடாது, தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பிங்கிற சிக்னல் மூலக்கூறு ஏறும், லாக்டோஸை உள்ள இழுக்குற பெர்மியேஸ், உடைக்குற பீட்டா கேலக்டோசிடேஸ் ரெண்டையும் செய்ய ஆரம்பிக்கும். கோடு தட்டையா இருக்குற அந்த நேரத்துல செல்லு சும்மா இல்ல, உள்ள முழு வேலை நடக்குதுன்னு பசங்க கண்ணாலயே பார்த்துட்டாங்க, நான் போர்டுல எத்தனை வருஷமா சொல்லியும் புரியாத விஷயம்.

ஒரு குறை, செல்லை திறக்குறதுக்கு டொலுயீன் கிட்ல வரல, லேப்ல இருந்ததை வச்சு சமாளிச்சோம். அஞ்சு குரூப்புக்கு தாராளமா வரும். 5க்கு 4. ஓஎன்பிஜியை வெளிச்சம் படாம ஃபிரிட்ஜ்ல வைங்க, கரைச்சா அன்னைக்கே யூஸ் பண்ணிடுங்க.