குழந்தை இருக்கும் வீட்டில் நீச்சல் குளம்: வேலியா, கவரா?

கலிபோர்னியாவில் குளத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: சுற்றிலும் வலை வேலி போடுவதா, சாவியைத் திருப்பினால் தானாக விரிந்து மூடும் கவர் போடுவதா? நாங்கள் போட்டது வேலி. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

சட்டம் இரண்டையும் ஏற்கிறது. புதிதாகக் குளம் கட்டினாலோ, பழையதைப் புதுப்பிக்க பெர்மிட் எடுத்தாலோ, 2018 முதல் அங்கே ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேலி, கவர், குளத்துப் பக்கக் கதவில் அலாரம் எல்லாம் அதில் அடக்கம்.

கவரில் நல்லது நிறைய. முறையான பாதுகாப்புக் கவர் 485 பவுண்டு தாங்க வேண்டும் என்பது தர விதி. இலை விழாது, தண்ணீர் ஆவியாவதும் குறையும். ஆனால் செலவு பத்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். வலை வேலி சில ஆயிரத்தில் முடியும். தண்ணீரின் சூடு ஆறாமலிருக்கப் போடும் குமிழ் ஷீட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கால் வைக்கும் குழந்தை அடியில் சிக்கிக்கொள்ளும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: யாரும் நினைவு வைக்காத நேரத்தில் குளம் மூடியிருக்குமா? நீந்திவிட்டு எல்லாரும் சாப்பிட உள்ளே போகிறோம். எப்படியும் திரும்ப இறங்கப் போகிறோம், அதற்குள் கவரை யார் மூடுவார்கள்? வேலிக் கதவு நம்மைக் கேட்காது. தானே சாத்திக்கொண்டு தானே தாழ் போட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமே நீரில் மூழ்குவதுதான். மூன்று பக்கம் காம்பவுண்டும் நான்காவது பக்கம் வீடுமாக இருப்பதைவிட, குளத்தை மட்டும் நாலு பக்கமும் சுற்றிய வேலி அந்த ஆபத்தை 83 சதவீதம் குறைக்கும் என்கிறது அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம்.

வேலிக்கும் பராமரிப்பு உண்டு. கீலின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அவ்வப்போது கதவை விரலகலம் மட்டும் திறந்து விட்டுப் பாருங்கள். அதிலிருந்தும் தானே தாழ் விழ வேண்டும். நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேலியை ஒட்டி இருக்கக் கூடாது. விருந்து நாளில் யாராவது கதவுக்கு முட்டுக் கொடுத்து வைப்பார்கள், கவனம்.

அப்புறம் பொறுப்பு விஷயம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், அழைக்காமல் உள்ளே வந்த பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தாலும் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டி வரலாம். கவர் வாங்கியும் அன்றைக்குத் திறந்து கிடந்தது என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். வீட்டு இன்சூரன்ஸில் இதற்கான தொகை பல நேரம் 1 லட்சம் டாலரிலிருந்து 3 லட்சம் டாலர்தான். அதற்கு மேல் 10 லட்சம் டாலருக்கு அம்பர்லா பாலிசி, அதாவது வீட்டு இன்சூரன்ஸ் தொகை போதாதபோது மிச்சத்தைத் தாங்கும் கூடுதல் பாலிசி, எடுப்பது நல்லது. குளம் இருப்பதைக் கம்பெனியிடம் மறைக்காதீர்கள். டைவிங் போர்டு, சறுக்கு இருந்தால் பிரீமியம் ஏறலாம், பாலிசியே மறுக்கப்படலாம்.

கவரோடு வாழ்ந்த அனுபவம் எனக்கில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததுதான். மழைத் தண்ணீர் அதன்மேல் தேங்கினால் பம்ப் வைத்து இறைக்கிறார். தேங்கிய அந்தக் கொஞ்சத் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்துதான். ஆனால் குளத்தின் விளிம்பு வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் வேலிக் கம்பம் நட இடமே இருக்காது. அங்கே கவரேதான் வழி, சாவி பெரியவர்களிடம் இருக்கும்வரை.