சைக்கிள் முன் கியர் கேபிள் மாத்தக் குடுத்து 4,850 ரூபா போச்சு, நீங்களாச்சும் உஷாரா இருங்க

ஏலகிரில இருந்து நேத்து ராத்திரி தான் வீட்டுக்கு வந்தேன், நகத்துக்குள்ள கிரீஸ் கூட போகல, ஆனா இத இப்பவே எழுதலைன்னா தூக்கம் வராது. கடை பேர் போடல. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவத்துல ஃப்ரேம் தொங்கவிட்டிருக்கிற டைப் சைக்கிள் ஷோரூம், அவ்ளோதான்.

என்னோடது 3x8 ஹைப்ரிட், அதாவது முன்னாடி மூணு, பின்னாடி எட்டு பல்சக்கரம். முன்னாடி கியர் இறங்க அடம் பிடிச்சுது. அங்க செயின ஒரு சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம் தான் டீரெய்லர். கவுன்டர்ல இருந்த தம்பி லீவர ரெண்டு தடவ அமுக்கி, டாக்டர் நெஞ்சுல வெச்சுக் கேக்குற மாதிரி தலைய சாச்சு கேட்டுட்டு, "அண்ணா, டீரெய்லர் ஸ்பிரிங் போச்சு, கேபிளும் காலி, ஃபுல்லா புதுசா ரூட் பண்ணிடலாம், என் சொந்த வண்டி மாதிரி பாத்துத் தரேன்ணா"ன்னான். அந்த "சொந்த வண்டி"ல விழுந்துட்டேன். டீரெய்லர் 2,200, கேபிள் செட் 1,650, கூலி 1,000, மொத்தம் 4,850. பில் கேக்காம மொத்தத்தையும் ஜிபே பண்ணேன், என் புத்திய செருப்பால அடிக்கணும்.

வண்டி வந்தப்ப வெண்ணெய் மாதிரி மாறுச்சு. பத்து நாள் ஓட்டினேன், ஒண்ணும் தெரியல. நேத்து ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பாரி, ஓரி, கபிலர்னு பேர் வெச்சிருக்காங்க. மூணாவது வளைவுக்கு முன்னாடி சின்னப் பல்லுக்கு இறக்கலாம்னு லீவர் தட்டுறேன், க்ளிக் சத்தம் வருது, செயின் அசையல. 48 பல்லு இருக்கிற பெரிய சக்கரத்துலயே மாட்டிக்கிச்சு. முட்டி கழண்டு போச்சுங்க. அத்தன வள்ளல் பேருக்கு நடுவுல, கடைக்கு 4,850 வாரிக் குடுத்த வள்ளல் நான் தான்.

ஓரமா நிறுத்தி வண்டியத் தலகீழா போட்டுப் பாத்தா தான் விஷயம் தெரியுது. டவுன் ட்யூப் (ஹேண்டில் பக்கம் இருந்து பெடல் வரைக்கும் சரிஞ்சு வர்ற குழாய்) வழியா வர்ற கேபிள், பெடல் அச்சுக்கு அடியில ஒரு சின்ன கறுப்பு பிளாஸ்டிக் கைடுல வழுக்கித் திரும்பி மேல டீரெய்லருக்குப் போகணும். ஒரே ஒரு ஸ்க்ரூல நிக்கிற பீஸ். அது இல்ல! கேபிள நேரா அலுமினியம் மேலயே இழுத்து விட்டுட்டு கிரீஸ அப்பிருக்கான். பெரிய பல்லுக்கு ஏத்தும்போது நம்ம கை இழுக்குது, இறங்கும்போது ஸ்பிரிங் மட்டும் தான் இழுக்கணும், கேபிள் வழுக்கினா தான் நடக்கும். கிரீஸ் போனதும் 1.2 மில்லி கம்பி அலுமினியத்த ரம்பம் மாதிரி அறுத்து அந்தக் கோட்டுலயே இறுகிடுச்சு.

இதுக்கும் மேல ஒண்ணு. 2,200 ரூபா "புது" டீரெய்லர்ல, செயின் புகுந்து போற கூண்டுல, போன வருஷம் மாமல்லபுரம் ரைடுல செயின் சிக்கினப்ப நானே ஸ்க்ரூடிரைவரால நெம்பின கீறல் அப்படியே இருக்கு. தொடச்சுத் திருப்பி மாட்டிருக்கான் அவன்.

மேல டீக்கடை பக்கத்துல பஞ்சர் ஒட்டுற பெரியவர் தான் காப்பாத்தினார். தீந்து போன பேனா ரீஃபில் ஒண்ண ரெண்டு இஞ்சுக்கு வெட்டி, கேபிளக் கழட்டி உள்ள கோத்து, அடியில வர்ற மாதிரி வெச்சு முடுக்கினார். கியர் இறங்குச்சு. காசு வேணாம்னுட்டார், டீ வாங்கிக் குடுத்தேன்.

இன்னிக்குக் காலைல கடைக்கு போன். மொத தடவ, "புது கேபிள் கொஞ்சம் நீளும், நூறு கிலோமீட்டர் ஓட்டினா செட் ஆயிடும் சார்." அண்ணா சார் ஆயிட்டேன் பாருங்க. ரெண்டாவது தடவ மெக்கானிக் லீவு. மூணாவது தடவ, "வெளிய யார்கிட்டயோ கை வெக்க விட்டிருக்கீங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." கீறல் போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. சரி அந்தக் கைடு பீஸயாவது குடுங்கன்னா, "உங்க வண்டில அப்படி ஒண்ணு வரவே வராது சார்"ங்கிறான். அப்ப அந்த ஸ்க்ரூ ஓட்ட எதுக்குடா? 4,850 ரூபா!

எப்படி ஏமாறாம இருக்கிறதுன்னு விலாவாரியா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. வண்டி விடுறதுக்கு முன்னாடி அச்சுக்கு அடியில ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. கழட்டின பழைய பார்ட்ட கையில வாங்குங்க. பில் வாங்குங்க, எங்கிட்ட வெறும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட் தான் இருக்கு. அந்த கைடு பீஸ் தனியா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதுவரைக்கும் ரீஃபில் தான்.